ரம்பொடை இறக்கத்தில் வாடகைக் கார்: பிழை யாருடையது?

கொட்டாஞ்சேனைவாசி:
"மலைநாட்டில் வாடகைக் கார் பழுதானால் அது ஓட்டத் தெரியாதவன் பிழை" என்று போன வாரம் பண்டாரவளையான் எழுதியதைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கம் குடும்பத்தோடு வாடகை டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரில் இறங்கினோம். லபுக்கலை தாண்டியதும் கருகல் மணம். ரம்பொடை அனுமார் கோயிலுக்குக் கிட்டப் போகும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன், மகன் குதித்துச் சில்லுக்குக் கல் வைத்தான். புசல்லாவையிலிருந்து வந்த கராஜ் பாஸ் (மெக்கானிக்) பிரேக் எண்ணெய் டப்பாவைத் திறந்து காட்டி, "பழசு" என்றார். பிளேன்டீ நிறம்! இதுவும் என் பிழையா?

பண்டாரவளையான்:
என்னை இழுத்ததால் வருகிறேன். 18 வருடமாக இந்த ரோட்டில் வேன் ஓட்டுகிறேன். ஒரே கேள்விதான். கியர் லீவரை 'பி'யில் (B, இறக்கத்தில் எஞ்சினால் பிடிக்கும் நிலை) போட்டீர்களா?

கொட்டாஞ்சேனைவாசி:
நான் எண்ணெயைப் பற்றிக் கேட்கிறேன்.

பண்டாரவளையான்:
நுவரெலியா 1868 மீற்றர். கண்டி ஏறக்குறைய 500. இறக்கத்தில் மோட்டர் வண்டியைப் பிடித்துப் பற்றரிக்கு மின் ஏற்றும். அவ்வளவையும் 'டி'யில் (D, சாதாரண ஓட்ட நிலை) இறங்கினால் ஹைபிரிட் பற்றரி பாதி வழியிலேயே நிறைந்துவிடும். அப்புறம் மோட்டர் வண்டியைப் பிடிக்காது, பாரம் பெரும்பாலும் பிரேக் பேட்டில். 'பி'யில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். போட்டீர்களா, இல்லையா?

சுன்னாகத்தான்:
பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 (DOT 3) என்ற தரத்துப் புது பிரேக் எண்ணெய்க்குக் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் உள்ளே போகும். அதை நேரத்துக்கு மாற்ற வேண்டியது வாடகைக்கு விட்டவர். கொட்டாஞ்சேனை அண்ணை சொல்வது சரி.

பண்டாரவளையான்:
தம்பி, சுன்னாகத்தில் ஒரு மேட்டைக் காட்டிவிட்டு இறக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். எண்ணெயைக் கொதிக்க வைத்தது யார்? 'டி'!

சுன்னாகத்தான்:
மேடு இல்லாத ஊரில் படிப்பும் இல்லையா? டயர் காற்று விஷயத்தில் உங்களை நான் திருத்தியது இன்னும் உறுத்துகிறது போல.

தோட்டத்துப் பிள்ளை:
அண்ணாமாரே, சண்டை இருக்கட்டும். புகையும் சில்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். அரை மணியாவது ஆற விடுங்கள். வண்டி எடுக்கும்போதே பொனட்டைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் படம் பிடியுங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி:
ஊற்றவில்லை, பிள்ளை. கார் தந்தவர்களுக்கு அழைத்தால் "நாளைக்கு ஆள் வரும்" என்றார்கள். மூன்று மணி நேரம் மழையில் நின்றோம். கடைசியில் பிரேக் பேட் மாற்றிய காசையும் என் முற்பணத்தில் கழித்தார்கள்.

பண்டாரவளையான்:
கழிக்கத்தான் செய்வார்கள். 'பி'யா, 'டி'யா?

கொட்டாஞ்சேனைவாசி:
'டி'தான்! சாவி தந்தவர் 'பி' எதற்கென்று ஒரு வார்த்தை சொன்னாரா?

பண்டாரவளையான்:
இதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்.

சுன்னாகத்தான்:
அண்ணை ஒப்புக்கொண்டது 'டி'யை. எண்ணெய் பழசு என்பது அப்படியே இருக்கிறது.

பண்டாரவளையான்:
பழசு என்று சொன்னது யார்? பாஸ். எண்ணெயும் பேட்டும் விற்கிறவர் வேறு என்ன சொல்வார்?

தோட்டத்துப் பிள்ளை:
எங்கள் அப்பா புசல்லாவையில் கராஜ் வைத்திருக்கிறார். நடு இரவில் மழையில் நனைந்து வந்து உங்களைப் போன்றவர்களின் வேனையும் தள்ளியவர். அந்த வார்த்தையைத் திரும்ப எடுங்கள், அண்ணே.

பண்டாரவளையான்:
எடுக்க மாட்டேன். 'டி'யில் இறங்கியவரை முதலில் பதில் சொல்லச் சொல்லுங்கள்.