புஷ்ராடுக்கு எந்தக் கம்பி?

கேள்வி: ஃபோம் ஷீட்டில் 1 மீட்டர் இறக்கையுள்ள ரிமோட் மாடல் விமானம் செய்திருக்கிறேன். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) மோட்டாரோடு இணைத்துத் தள்ளி இழுக்கும் புஷ்ராடுக்குக் கட்டுக்கம்பி போட்டேன், இழுக்கும்போது சரி, தள்ளும்போது வளைந்துவிடுகிறது. வேறு என்ன போடலாம்?

பதில் 1: கட்டுக்கம்பி வளையத்தான் செய்யும், பிறவியே அப்படி. 1 மி.மீ. பியானோ கம்பி (விறைப்பான எஃகுக் கம்பி) கேட்டு வாங்குங்கள், நேர்த் துண்டாக, சுருளாக வாங்கினால் நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விடும். அதையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, குழாயை 10 செ.மீ.க்கு ஓரிடத்தில் உடம்போடு ஒட்டிவிடுங்கள், அப்புறம் வளையாது.

பதில் 2: சைக்கிள் ஸ்போக்ஸ்? 2 மி.மீ., உங்கள் விமானத்துக்கு வால் கனத்துவிடும்.

பதில் 3: பியானோ கம்பியின் முனையில் போடும் இசட் வளைவை (துளையில் மாட்டுவதற்கான Z வடிவ மடிப்பு) சூடாக்கி வளைக்காதீர்கள், விறைப்பு போய்விடும். வெட்டும்போது கண்ணாடி போடுங்கள், துண்டு தெறிக்கும். என் கட்டிங் பிளேயரின் வாயில் பள்ளம் விழுந்ததும் இந்தக் கம்பியால்தான்.