தலைச்சாயத்தை விட்டுவிடலாமா?

சாட்ஸ்வர்த் மருமகள்:
வயது 52. நாற்பதிலிருந்து கறுப்புச் சாயம் போட்டுவருகிறேன். இனி வேண்டாம், நரை வரட்டும் என்று இருக்கிறேன். "தைப்பூசக் காவடிக்கு இந்தத் தலையோடா வரப்போறே?" என்று நாத்தனார் சண்டைக்கு வருகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

டோங்காட் மாமி:
நாத்தனார் சொல்வதுதான் சரி. பூ வைக்கிற தலை பளிச்சென்று இருக்க வேண்டாமா? அதோடு நீ வேலைக்குப் போகிறவள். நரை தெரிந்தால் பதவி உயர்வுக்கு உன் பெயரை யார் நினைப்பார்கள்?

வெரூலம் ஆசிரியை:
மாமி, என் பாட்டி வெள்ளைக் கொண்டையில்தான் கடைசிவரை மல்லிகை வைத்தார். அந்த அழகு எந்தச் சாயத்திலும் வராது. வேலை விஷயத்தில், வயதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று நம் தென்னாப்பிரிக்காவின் 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமே சொல்கிறதே!

டோங்காட் மாமி:
சட்டம் இருக்கட்டும்மா. நேர்காணல் செய்கிறவர் மனதில் நினைத்ததை எப்படி நிரூபிப்பாய்? என் தங்கை பட்ட பாடு எனக்குத் தெரியும். சம்பளத்தை நம்பி இருக்கிறவளுக்குத் துணிச்சல் சொல்வது சுலபம்.

பீனிக்ஸ் சலூன் அக்கா:
மாமியின் கவலை நியாயம்தான். ஆனால் விடுவதா வேண்டாமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படி விடுவது என்று நான் சொல்கிறேன். நிரந்தரச் சாயம் அலசினால் போகாது, வளர்ந்து வெட்டித்தான் போகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். தோள்வரை முடி என்றால் இரண்டு வருடமாவது பிடிக்கும். நடுவில் வெள்ளையும் கறுப்பும் பிரியும் கோடுதான் பலரை மறுபடி சாயத்துக்குத் துரத்துகிறது. முடியைக் குட்டையாக வெட்டினால் சீக்கிரம் தீரும். மனம் வராவிட்டால், கறுப்பில் இடையிடையே மெல்லிய வெளிர் கீற்றுகள் எடுத்தால் கோடு மங்கும்.

டோங்காட் மாமி:
சாயம்தானே பிடிக்கவில்லை? கறுப்பு மருதாணி போடட்டுமே, அது இயற்கைதானே?

பீனிக்ஸ் சலூன் அக்கா:
இல்லை மாமி, இதில் கவனம் வேண்டும். சுத்தமான மருதாணி நரையைச் செம்பட்டையாக்கும், கறுப்பாக்காது. அதன்மேல் அவுரிப்பொடி போட்டால்தான் கறுக்கும். "கறுப்பு மருதாணி" என்று விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் சாயத்தில் இருக்கும் அதே பிபிடி ரசாயனம் உண்டு. அது ஒருமுறை ஒவ்வாமல் போனால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஒவ்வாது. முகம் வீங்கி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
ஒரு வருடமாகச் சாயம் போட்ட மறுநாள் எனக்குக் காதோரம் அரிக்கிறது. அதனால்தானா அக்கா?

பீனிக்ஸ் சலூன் அக்கா:
இருக்கலாம். தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை எந்தச் சாயமும் தொடாதே.

டோங்காட் மாமி:
அரிப்பு இருக்கிறதை முதலிலேயே சொல்லக் கூடாதா? அப்படியானால் விட்டுவிடு. நாத்தனாரிடம் நான் பேசுகிறேன்.