டிவிஷன் 2 நோர்லாண்ட்: ஒரு சீசன் முழுக்கப் பார்க்கலாமா?

உமியோ மாணவன்:

வணக்கம். வட சுவீடனில் இருக்கும் உமியோவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. குளிர்காலம் அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடந்தே கழிந்தது. போன வாரம் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் பேச்சுவாக்கில், தான் ஒரு டிவிஷன் 2 கால்பந்து அணியின் கோல்கீப்பர் என்றார். பகலெல்லாம் என்னோடு சோதனைக் குழாய்களைக் கழுவுகிறவர், மாலையானால் கையுறையை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார்! சொந்த மைதானத்து ஆட்டங்களுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

நான் பார்த்ததெல்லாம் டிவியில் வரும் பெரிய லீக்குகள்தான். நான்காம் அடுக்கில் ஒரு சீசன் எப்படிப் போகும்? ஏப்ரலில் தொடக்கம் என்கிறார்கள், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கிறது. ஒன்றிரண்டு ஆட்டம் பார்த்தால் போதுமா, அக்டோபர் வரை கூடவே போகலாமா? இங்கிலாந்துக்காரரான கிரஹாம் பாட்டர் பயிற்சியாளராக இந்த லீக்கில்தான் தொடங்கினார் என்று படித்தேன். உண்மையா?

நோர்லாண்ட் சாரதி:

தம்பி, நான் ஓஸ்டர்சுண்டில் 2009 முதல் இருக்கிறேன். பஸ் சாரதி. சீசன் தொடங்கினால் கழகங்கள் வாடகைக்கு எடுக்கும் பஸ்களையும் ஓட்டுவேன். அதனால் இந்த லீக்கை நான் அரைவாசி மைதானத்திலும் அரைவாசி றோட்டிலும் பார்த்தவன்.

முதலில் ஏணியைச் சொல்லிவிடுகிறேன். மேலே அல்ஸ்வென்ஸ்கான், அதற்குக் கீழே சூப்பர்எத்தான், இரண்டிலும் 16 அணிகள். மூன்றாவது எத்தான், வடக்கு தெற்கு என்று இரண்டு பிரிவு. நான்காவதுதான் உங்கள் நண்பர் ஆடும் டிவிஷன் 2. ஆறு பிரிவு, பிரிவுக்கு 14 அணிகள், ஆளுக்கு 26 ஆட்டம். பிரிவில் முதலாவதாக வந்தால் எத்தானுக்கு ஏறலாம். கணக்குப் பார்த்தால் உங்கள் நண்பரின் அணிக்கும் நாட்டின் முதல் லீக்குக்கும் நடுவில் மூன்று ஏற்றம்தான் இருக்கிறது. வாசல் பூட்டிக் கிடக்கவில்லை.

ஆனால் நோர்லாண்ட், அதாவது வட சுவீடன் பிரிவை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் புள்ளிப் பட்டியலை விட்டுவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். ஓஸ்டர்சுண்டிலிருந்து உமியோவுக்கு ஏறக்குறைய 360 கிலோமீற்றர். கிருனா அணி பிரிவில் இருக்கும் வருடங்களில், உமியோக்காரர் ஒரு ஆட்டத்துக்காக 600 கிலோமீற்றர் போய் அதே தூரம் திரும்ப வேண்டும். விளையாடும் பெடியன்களில் பெரும்பாலானோர் வேலைக்காரர், மாணவர். மின்சார வேலை செய்பவர், தச்சர், பாலர் பாடசாலை ஆசிரியர் எல்லாரும் என் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். ஞாயிறு பின்னேரம் ஆட்டம் முடிந்து, இரவு இரண்டு மணிக்கு ஊர் வந்து இறங்கி, காலையில் ஏழு மணிக்கு வேலையில் நிற்பார்கள். தோற்று வரும் இரவுகளில் பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இராது. றோட்டில் கலைமான் கூட்டம் நின்று நான் பிரேக் போடும்போது மட்டும் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு நான் பஸ்ஸைக் கூட்டுவேன். இருக்கைகளுக்கு நடுவில் கறுப்பாக, மிளகை அரைகுறையாக இடித்துக் கொட்டியது போல ரப்பர் மணிகள் கிடக்கும். செயற்கைப் புல்லுக்கு இடையில் தூவும் மணிகள் அவை. காலணியிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு பயணத்துக்கு இரண்டு கைப்பிடி சேரும். நுண்பிளாஸ்டிக் என்பதால் இந்த மணிகளின் விற்பனையைத் தடுக்க 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. எட்டு வருட அவகாசம். சின்னக் கழகங்களுக்கு இது பெரிய செலவு. செயற்கைப் புல் இல்லாவிட்டால் இங்கே ஏப்ரலில் பந்தை உருட்டவே முடியாது, அதுதான் சிக்கல்.

பனியைப் பற்றிக் கேட்டீர்கள். உழவு யந்திரத்தால் தள்ளி ஒதுக்குவார்கள். கோலுக்குப் பின்னால் அது சாம்பல் நிறக் குன்றாகக் கிடக்கும். பந்து மேலே பறந்தால் அதற்குள் போய்ப் புதைந்துவிடும். பந்து பொறுக்கும் சின்னப் பையன் இடுப்பளவு பனியில் இறங்கித் தோண்டிக்கொண்டிருப்பான். அதற்குள் வேறு பந்தில் ஆட்டம் தொடங்கியிருக்கும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் ஆட்டத்துக்கே போங்கள். ஜூனில் போனால் அது வேறு உலகம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். ஜூலையில் சில கிழமை விடுமுறை. ஓகஸ்டில் திரும்பி வரும்போது சில அணிகளின் முகமே மாறியிருக்கும், நல்ல பெடியனை மேல் பிரிவுக் கழகம் ஒன்று கூட்டிப் போயிருக்கும்.

சரி, பாட்டர். நீங்கள் படித்தது உண்மை. ஓஸ்டர்சுண்ட் கழகம் 1996-ல்தான் உருவானது. 2010-ல் மூன்றாம் அடுக்கிலிருந்து விழுந்தது. அந்த நிலையில் இருந்த கழகத்துக்குத்தான் அவர் வந்தார். 2011-ல் டிவிஷன் 2 நோர்லாண்டில் முதலிடம், 2012-ல் மூன்றாம் அடுக்கில் தன் பிரிவிலும் முதலிடம். 2011-ல் நான் ஆட்டம் பார்க்கப் போகும்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அவ்வளவு இடம். ஊர் ஆட்களுக்கு இது பனிச்சறுக்கு ஊர், உதைபந்தாட்டத்துக்கு ஆர் வருவார்கள்? ஆனால் அந்த அணி பந்தைத் தூக்கி அடிக்காமல், பின்னாலிருந்து காலுக்குக் கால் கொடுத்து வந்தது. நான்காம் அடுக்கில் அப்படி ஆடுவதற்குத் துணிவு வேண்டும். ஒரு பிழை விட்டால் கோல்தான். விட்டார்கள், வாங்கினார்கள். ஆனாலும் மாற்றவில்லை. அதைத்தான் நான் அந்த வருடம் முழுக்கப் பார்த்தேன்.

2016-ல் அல்ஸ்வென்ஸ்கான், 2017-ல் சுவீடன் கிண்ணம். 2018 பெப்ரவரியில் ஐரோப்பா லீக்கில், லண்டனில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என்று வென்றார்கள். முதல் ஆட்டத்தில் இங்கே 0-3 தோற்றதால் அடுத்த சுற்று கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 ஜூனில், ஃபீஃபாவில் சேராத 12 அணிகள் ஆடிய கொனிஃபா உலகக் கிண்ணம் இதே ஓஸ்டர்சுண்ட் மைதானத்தில் நடந்தது. தமிழீழ அணியும் வந்தது. வழக்கமாக நான் தனியாக உட்காரும் படிகளில் அன்று தமிழ்க் குரல் கேட்டது.

சுதா, கார்ல்ஸ்குரோனா:

வடக்கைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். தெற்கிலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் பிளெக்கிங்கே மாகாணத்தில் ஹெல்லெவிக் என்று ஒரு மீன்பிடி கிராமம். மியெல்பி கிளப்பின் மைதானம் அங்கேதான், கடற்கரையை ஒட்டி. 2014-ல் அல்ஸ்வென்ஸ்கானிலிருந்து இறங்கினார்கள், அடுத்த வருஷமே சூப்பர்எத்தானிலிருந்தும் இறங்கினார்கள். 2016-ல் மூன்றாம் அடுக்கிலிருந்தும் விழப் பார்த்து, சீசனின் கடைசி நாளில்தான் தப்பித்தார்கள். நான் முதன்முதலில் போனது அதற்கடுத்த வருஷம். கடல் காற்று அப்படி அடித்தது. கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி வழியில் நின்று அவர் பக்கமே திரும்பி வந்தது. என் மகள் கைதட்டினாள். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சூடாக ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் நாங்கள் அந்தக் கிளப்பை விடவில்லை.

2018-ல் எத்தான் தெற்குப் பிரிவில் முதலிடம், 2019-ல் சூப்பர்எத்தானில் முதலிடம். 2025 அக்டோபர் 20-ஆம் தேதி கோதன்பர்க்கில் 2-0 என்று ஜெயித்து, மூன்று ஆட்டம் மீதி இருக்கும்போதே நாட்டின் சாம்பியன். மொத்தம் 75 புள்ளிகள், அல்ஸ்வென்ஸ்கான் வரலாற்றிலேயே இதுதான் அதிகம். பயிற்சியாளர் ஆண்டர்ஸ் டோர்ஸ்டென்சன் முன்பு பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அன்றைக்கு வீட்டில் நான் அழுதுவிட்டேன். 2017-ல் அந்தக் காற்றில் நிற்காமல் இருந்திருந்தால் அந்த அழுகை வந்திருக்காது. அக்டோபர் வரை போங்கள் தம்பி.

உமியோ மாணவன்:

இரண்டு பேருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன், முதல் ஆட்டத்திலிருந்தே போகிறேன். நடைமுறையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டுமா?

நோர்லாண்ட் சாரதி:

சுதா தங்கச்சி சொன்ன அதே 2025 அக்டோபர் 20-ல்தான் பாட்டரை சுவீடன் தேசிய அணியின் பயிற்சியாளராக அறிவித்தார்கள். அன்று நான் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இரண்டு செய்தியையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிக்கெட் வாசலிலேயே எடுக்கலாம், போனில் காசு கட்டும் ஸ்விஷ் செயலி இருந்தால் போதும். இருக்கையில் போட ஒரு தடித்த விரிப்புக் கொண்டு போங்கள். ஏப்ரலில் கால்களை விட இருக்கைதான் குளிரும். இடைவேளையில் கியோஸ்க்கில் சொசேஜ் பாணும் கோப்பியும் வாங்குங்கள். விற்கிறவர்கள் அநேகமாக அங்கே ஆடும் பிள்ளைகளின் தாய் தகப்பன், அந்தக் காசு பிள்ளைகளின் அணிகளுக்குப் போகும்.

முடிந்தால் கழகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சந்தா கட்டினால் ஆண்டுக் கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு வாக்கு. இந்த நாட்டில் பெரிய கழகங்களிலும் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர் கையில்தான், 51 சதவீத விதி என்பார்கள். வந்து ஏழு மாதமான உங்கள் கையும் அங்கே எண்ணப்படும். எனக்கு முதன்முறை கை தூக்கியபோது நெஞ்சு படபடத்தது.

உங்கள் நண்பரின் அணி எங்கள் பக்கம் ஆட வரும் நாளை இங்கே எழுதிவிடுங்கள். வேலை இல்லாவிட்டால் நான் வருவேன். விருந்தாளிகள் பக்கத்துக் கோலுக்குப் பின்னால், பனிக்குன்றுக்கு இடப்புறம் நிற்பேன். கோப்பி என்னுடையது.