நான் எழுதாத பைட்டுகள் ட்ரைவரிலிருந்து வருகின்றன, எப்படி?

உப்புவெளி:
வணக்கம். கொட்பேயில் மாமாவின் ஐஸ் அறைக்கு வெப்பநிலை பார்க்கும் யூஎஸ்பி சென்சர் ஒன்று செய்கிறேன். லினக்ஸ் ட்ரைவரும் நானே எழுதினேன். டெபியன் 11, கேர்னல் 5.10, 64 பிட் லாப்டொப்.

அளவீட்டை ஒரு ஸ்ட்ரக்ட்டில் (பல உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் சீ மொழி அமைப்பு) நிரப்பி, கேர்னலிலிருந்து பயனரின் புரோகிராமுக்குப் பிரதி எடுக்கும் கொப்பி_டு_யூசர் மூலம் கொடுக்கிறேன். சென்சர் இலக்கம் 4 பைட், நேரம் 8, பெயர் 16, வெப்பநிலை 4. கூட்டினால் 32, ஆனால் ஸ்ட்ரக்ட்டின் அளவைச் சொல்லும் சைஸ்ஒஃப் 40 என்கிறது. வாசித்ததை பைட் பைட்டாக அச்சிட்டால் இலக்கத்துக்குப் பின்னால் 58, 156, 255, 255 என்று இருக்கிறது. லாப்டொப்பை அணைத்துப் போட்டால் முதல் இரண்டும் மாறுகின்றன, 255 இரண்டும் அப்படியே. வெப்பநிலை சரியாகத்தான் வருகிறது. இதைக் கவனிக்காமல் விடலாமா?

சல்லிக்கரை:
விடாதீங்கோ தம்பி. 8 பைட் நேரம் 8இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால், கொம்பைலர் இலக்கத்துக்குப் பின் 4 பைட் இடைவெளி விடுகிறது. கடைசியிலும் 4. அந்த ஓட்டைகளை நீங்கள் நிரப்பவில்லை, கொம்பைலரும் நிரப்பாது. ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டாக் நினைவகத்தில் முன்பு ஓடிய ஃபங்ஷன் விட்டுப்போனது அங்கே கிடக்கிறது.

லாப்டொப் எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைப்பதால், அந்த நான்கையும் பின்னிருந்து வாசியுங்கள்: 255, 255, 156, 58. கேர்னல் முகவரி ஒன்றின் மேல்பாதி மாதிரியே இருக்கிறது. கேஏஎஸ்எல்ஆர் என்ற பாதுகாப்பு இருக்கும் கேர்னல் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் தன் இடத்தைக் குலுக்கிப் போடும். அதனால்தான் அணைத்துப் போட்டதும் மாறுகிறது. நினைவகம் முழுவதையும் காட்டும் நேரடி வரைபடம் 1 ஜிபி படிகளில் நகர்வதால், மேல்பாதி தெரிந்தாலே தொடக்க இடத்தை ஏறக்குறையப் பிடித்துவிடலாம். கேர்னல் நினைவகத்தில் எழுத விடும் வேறொரு வழு கையில் இருப்பவருக்கு அவ்வளவும் போதும்.

நிலாவெளி:
டிவைஸ் கோப்பை ரூட் மட்டும் திறக்கிற மாதிரி அனுமதியை மாற்றினால் முடிந்ததுதானே?

சல்லிக்கரை:
இல்லை. மாமாவின் ஆள் சாதாரண கணக்கில் வெப்பநிலை பார்க்க வேண்டும், நாளைக்கு யாராவது அனுமதியைத் திறந்துவிடுவார்கள். கசிவு அப்படியே இருக்கும்.

உப்புவெளி:
விளங்குது அண்ணா. அறிவிக்கும்போதே சமன் போட்டு அடைப்புக்குள் 0 கொடுத்தால் போதுமா?

சல்லிக்கரை:
உறுப்புகள் பூச்சியமாகும், இடைவெளிக்கு சீ மொழி உத்தரவாதம் தருவதில்லை. மெம்செட் போட்டு முழு ஸ்ட்ரக்ட்டையும் துடைத்துவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். அல்லது இடைவெளியையே பெயர் கொடுத்த உறுப்பாக்கி 0 வையுங்கள். கொம்பைல் செய்த கோப்பில் பஹோல் என்ற கருவியை ஓட்டினால் ஓட்டைகள் எங்கே என்று அதுவே காட்டும். பெயரையும் பாருங்கள்: நான்கெழுத்துப் பெயரும் முடிவுப் பூச்சியமும் போக 11 பைட் மிச்சம். ஸ்ட்ரிங் கொப்பி அதைத் தொடாது, மிச்சத்தைப் பூச்சியத்தால் நிரப்பும் எஸ்டிஆர்எஸ்கொப்பி_பேட் தொடும்.

ஜிசிசி கொம்பைலரின் 12ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ கொண்டு கட்டிய புதிய கேர்னல்களில் ஸ்டாக் தானாகவே பூச்சியமாகலாம், அப்போது இந்த வழு கண்ணில் படாது. அதை நம்பி இருக்க வேண்டாம். நேரம் கிடைத்தால் கேர்னல் 6.1இல் சேர்ந்த கேஎம்சான் என்ற சோதனை வசதியோடு ஒரு கேர்னலை கிளாங் கொம்பைலர் கொண்டு கட்டி, அதில் உங்கள் ட்ரைவரை ஓட்டுங்கள். துவக்காத பைட் வெளியே போனால் எந்த வரியில் என்று சொல்லும்.

உப்புவெளி:
மெம்செட் போட்டேன். 4 முதல் 7 வரையும் 36 முதல் 39 வரையும் பூச்சியம், பெயரின் வாலும் பூச்சியம். பஹோல் இன்னொரு ஸ்ட்ரக்ட்டிலும் ஓட்டை காட்டுது, சென்சர் அமைப்புகளை வாசிக்கிற இடத்தில். இன்றிரவு அதையும் துடைக்கிறேன்.