சென்னையில் அச்சான ஒரு கனவு: ‘சுல்தானாவின் கனவு’ படித்த அனுபவங்கள்

கல்லூரி இயற்பியல் ஆசிரியை, தஞ்சாவூர்:

அறிவியலை நம்பி வாழும் ஒரு நல்ல நாட்டைக் கற்பனை செய்த பழைய நாவல்கள் என்று பேச்சு வந்தாலே பேக்கன், பெல்லமி, வெல்ஸ் என்று பட்டியல் ஐரோப்பா, அமெரிக்கா பக்கமே போய்விடும். எனக்குக் கிடைத்த புத்தகம் கங்கைக் கரையிலுள்ள பாகல்பூரில் ஒரு பெண் எழுதியது. முதலில் அச்சேறியது நம் சென்னையில், 1905-இல். பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்திலேயே எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. நாவல் என்று சொன்னாலும் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவுதான்.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பழைய பாடப்புத்தகங்களுக்கு நடுவே, பின்னட்டை கிழிந்து கிடந்தது. சும்மா பிரித்தேன். ஒரு பெண் சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலைமையை யோசித்துக்கொண்டிருக்கிறாள். தூங்கினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. சாரா என்ற தோழி போல ஒருத்தி வந்து, வெளியே போகலாம் வா என்று கூப்பிடுகிறாள். தெருவில் இறங்கினால் பட்டப்பகல். பர்தாவில் வளர்ந்தவளுக்குக் கால் கூசுகிறது. எதிரே வரும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், நீ ஆம்பிளை மாதிரி இருக்கிறாயாம் என்கிறாள் சாரா. அதாவது ஆண்களைப் போலக் கூச்சமும் பயமுமாக இருக்கிறாளாம். அந்த இடத்தைப் படித்ததுமே கடைக்காரரிடம் காசை நீட்டிவிட்டேன்.

அந்தப் பெண்ணரசு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தலைகீழ் மாற்றத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள், எனக்கு உள்ளே இருக்கும் அறிவியல்தான் பிடித்தது. அது எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள், அடுப்படியிலிருந்து. சாரா தன் சமையலறையைக் காட்டுகிறாள். காய்கறித் தோட்டத்துக்கு நடுவில் அது இருக்கிறது. புகை இல்லை, புகைபோக்கி இல்லை. ஜன்னலில் பூ. கரியும் காணோம், தீயும் காணோம், எப்படிச் சமைக்கிறீர்கள் என்று சுல்தானா கேட்கிறாள். சூரிய வெப்பத்தால் என்று சொல்லி, திரட்டிய வெயிலைக் கொண்டுவரும் குழாயைக் காட்டுகிறாள் சாரா. விறகுப் புகையில் கண் எரிந்த அனுபவம் இல்லாத யாரும் நல்ல நாட்டை இந்த இடத்திலிருந்து கற்பனை செய்யத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த நாட்டில் பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில் பெரிய பலூன் ஒன்றைக் கட்டி மேகங்களுக்கு மேலே மிதக்க விட்டு, குழாய்கள் வழியாகக் காற்றிலிருந்தே தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள். மழைநீர் அப்படி அவர்கள் கைக்குள் வந்ததும் வெள்ளமும் புயலும் நின்றுபோகின்றன. மற்றொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமித்து, வேண்டியபோது வேண்டிய இடத்துக்கு அனுப்பும் கருவியைச் செய்கிறது. இதெல்லாம் நடக்கும்போது ஆண்கள் படைபலத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருக்கிறார்கள். பெண்களின் கண்டுபிடிப்புகளை உணர்ச்சிவசப்பட்ட கெட்ட கனவு என்று ஒதுக்குகிறார்கள். தண்ணீரும் வெப்பமும்! வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் நாட்டில் அறிவியலிடம் முதலில் கேட்க வேண்டியவை இவைதானே. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழுகிறது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் இப்போது அந்தச் சமையலறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்புறம் போர் வருகிறது. பக்கத்து நாட்டிலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அரசி மறுக்கிறாள், அதனால் சண்டை. ஆண்களின் படை தோற்கிறது. பல்கலைக்கழகத் தலைவி தன் 2000 மாணவிகளோடு போர்க்களத்துக்குப் போய், திரட்டிய வெயிலை எதிரிமேல் திருப்புகிறாள், அவர்கள் ஓடிவிடுகிறார்கள். மாணவிகள் கிளம்பும் முன் அந்தப்புரத்துக்குள் போன ஆண்கள் பிறகு வெளியே வரவே இல்லை. சாராவுக்கு ஆய்வகத்தில் தினம் இரண்டு மணி நேர வேலைதான். ஆண்கள் எப்படி நாள் முழுக்க அலுவலகத்தில் இருந்தார்கள் என்பதற்கும் அவளிடம் கணக்கு உண்டு. ஒரு சுருட்டு எரிய அரை மணி, நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையிலேயே போய்விட்டது என்கிறாள்.

எழுதியவர் யார் என்று பிறகு தேடிப் படித்தேன். 1880-இல் இன்றைய வங்கதேசத்து ரங்க்பூர் பக்கம் பைராபந்தில் பிறந்தவர். பெண்கள் வங்காளமும் ஆங்கிலமும் படிக்கக்கூடாது என்ற வீடு. அண்ணன் இப்ராகிம் சாபெர் இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கல்யாணம் ஆகி பாகல்பூர் வந்ததும், அரசு அதிகாரியான கணவர் சகாவத் ஹுசைனும் படிக்கச் சொல்லித் தூண்டினார். அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில் பொழுது போகாமல் எழுதியதுதான் இந்தக் கதை. திரும்பி வந்தவர் உட்காரக்கூட இல்லாமல் முழுவதையும் நின்றபடியே படித்துவிட்டு, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். ரொக்கேயாவே இதை எழுதி வைத்திருக்கிறார்.

நான் படித்துவிட்டு அப்படியே புத்தகத்தை மூடி வைத்த ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும், அது இன்னொரு நூலில் வருகிறது. பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றிய உண்மைச் சம்பவங்களைத் தொகுத்து 1931-இல் ‘அவரோத்பாசினி’ என்று வங்காளத்தில் வெளியிட்டார். பீகாரில் உள்ள கியூல் ரயில் நிலையத்தில் அவர் கணவர் வழி உறவுக்காரப் பெண் ஒருவர் பர்தாவில் கால் சிக்கி, ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையில் விழுந்துவிட்டார். கூட வந்தது ஒரு பணிப்பெண் மட்டும். சுமைதூக்குகிறவர்கள் தூக்க ஓடிவருகிறார்கள். எங்கள் பீவியை யாரும் தொடக்கூடாது என்று பணிப்பெண் கையெடுத்துக் கும்பிடுகிறாள். தனியாகத் தூக்க அவளால் முடியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ரயில் கிளம்பிவிட்டது. சாராவின் நாட்டில் ரயிலே கிடையாது, அதனால் ரயில் விபத்தும் கிடையாது என்று ஒரு வரி வரும். முதல்முறை படித்தபோது, வானூர்தி இருக்கிற நாட்டில் ரயில் எதற்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த வரி வந்தால் எனக்குக் கியூல்தான் ஞாபகம் வருகிறது.

சென்னைத் தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். கதை வெளிவந்தது கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ பத்திரிகையில். 1901-இல் சென்னையில் அவர் தொடங்கியது, சரோஜினி நாயுடு எழுதியிருக்கிறார். கமலா ராஜமுந்திரிக்காரர், அந்தக் காலத்திலேயே எம்.ஏ. படித்தவர். ஆக, பாகல்பூரில் திரைக்குள் இருந்த ஒரு பெண்ணின் அறிவியல் நாட்டை உலகத்தில் முதலில் படித்தவர்களில் சென்னைப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். புத்தகமாக கல்கத்தாவில் வந்தது 1908-இல். அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டை எழுதியது 1915-இல், அதாவது பத்து வருஷம் கழித்து.

சூரிய ஆற்றல் பொறியாளர், புதுச்சேரி:

அக்கா சொன்ன சமையலறைக்காக எழுதுகிறேன். எனக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர் என்னோடு வேலை பார்த்த பெண். நம்ம தொழிலைப் பற்றிய கதை, படி என்றார். குழாயில் வெயில் வருகிறது என்று படித்ததும் எனக்கு ஆரோவில் சோலார் கிச்சன் கூரைதான் கண்முன் வந்தது.

அதை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் மேலே வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது. நடுவில் தொங்கும் நீண்ட உருளைதான் வெயில் குவியும் இடத்தைத் தேடி நகரும். அந்த வெப்பத்தில் நீராவி உண்டாகி, குழாய் வழியே கீழே பெரிய பாத்திரங்களுக்குப் போகிறது. சோறும் காய்கறியும் வேகின்றன. மேகம் மூடினால் டீசல் கொதிகலன் உண்டு, சாராவுக்கு அந்தக் கவலை இல்லை, அவளிடம் சேமித்த வெப்பம் இருக்கிறது. வெயிலைப் பிடிப்பது எளிது, வைத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று எங்கள் தொழிலில் தினமும் பேசுகிறோம். சேமிப்பையும் விநியோகத்தையும் ரொக்கேயா அந்தக் காலத்திலேயே யோசித்திருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அவர் காலத்தில் இதற்கெல்லாம் முன்மாதிரியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1878 பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் சூரிய வெப்பத்தைக் கொண்டு பனிக்கட்டி செய்து காட்டினார். அதே வருஷம் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், வெப்ப நாடுகளில் எரிபொருளுக்குப் பதில் வெயிலைப் பயன்படுத்தலாம் என்று புத்தகமே எழுதினார். அவருடைய கண்ணாடி அடுப்பில் 7 சிப்பாய்களுக்கான சாப்பாடு இரண்டு மணி நேரத்தில் வெந்ததாம். ஆடம்ஸின் அடுப்பு சிப்பாய்களுக்குச் சமைத்தது. ரொக்கேயா அதே வெயிலை ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் கொண்டுபோனார்.

வழக்கறிஞர், காயல்பட்டினம்:

நான் இதைப் படித்தது உம்மாவோடு. சாயங்காலம் அவர் வேலை முடித்து உட்கார்ந்ததும், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அந்தச் சுருட்டுக் கணக்கில் சிரித்தார். இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடாது என்று அரசி சட்டம் போடும் இடத்தில், இன்னொரு தடவை சொல்லு என்றார். அவருக்குக் கல்யாணம் ஆனது அதற்கு ரொம்ப முன்னாலேயே. இந்தியாவில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது 1929-இல், அதுவும் பெண்ணுக்கு 14 வயது என்றுதான். இந்தக் கதை அதற்கு 24 வருஷம் முந்தியது.

ஆனால் முடிவில் உம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. “ஆம்பிளையள எதுக்கு அடைச்சு வைக்கணும்? வெளிய விட்டு வேல குடுக்க வேண்டியதுதானே” என்றார். நானும் அதைத்தான் கேட்கிறேன் அக்கா. குற்றமே இல்லாத நாடு, காவல்துறையே தேவைப்படாத நாடு, சரி. மக்களில் பாதிப் பேரைக் கதவுக்குப் பின்னால் வைத்துத்தான் அது வருகிறது என்றால், அதை நல்ல நாடு என்று எப்படி ஏற்பது?

ரொக்கேயா நடத்திய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படித்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூடியது. கணவர் 1909-இல் இறந்ததும் பாகல்பூரில் 5 பிள்ளைகளோடு தொடங்கி, 1911-இல் கல்கத்தாவில் 8 பிள்ளைகளோடு மறுபடியும் தொடங்கினார். பிள்ளைகளை ஏற்றிவரும் மோட்டார் பஸ்ஸை பர்தாவுக்காகக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார்கள். உள்ளே சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள். திரையைக் கொஞ்சம் தளர்த்தியதும் பர்தா போய்விட்டது என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு பள்ளியை நடத்தியவருக்கு, அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தஞ்சாவூர் ஆசிரியை மறுபடியும்:

உம்மா கேட்டது சரியான கேள்வி. நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஆண்களை உள்ளே அடைத்திருக்கிறோம் என்று கேட்டதும் கதைக்குள்ளேயே சுல்தானா வியந்து சிரித்துவிடுகிறாள். சந்தைக்குள் காட்டு மிருகம் வந்தால் என்ன செய்வீர்கள், பைத்தியக்காரர்கள் தப்பித்து வந்தால் யாரை அடைப்பீர்கள் என்று சாரா திருப்பிக் கேட்கிறாள். ஆபத்து செய்கிறவனை விட்டுவிட்டு ஆபத்தில்லாதவளை அடைக்கிறீர்களே என்பது அவள் வாதம். அது ரொக்கேயா காலத்து வீடுகளை நோக்கிப் போட்ட வாதம். நாட்டுக்குத் தீட்டிய திட்டமாக அதை நான் வாசிக்கவில்லை.

அவருடைய இன்னொரு நாவலைப் படித்தபின் இது எனக்கு உறுதியானது. 1924-இல் வங்காளத்தில் ‘பத்மராக்’ எழுதினார். அதில் தாரிணி பவன் என்று ஒரு இல்லம். ஒரு பிரம்ம சமாஜ விதவை தொடங்கியது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள், பள்ளி நடத்துகிறார்கள், தொழில் கற்கிறார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். வெயில் ஆயுதம் இல்லை, பறக்கும் வண்டி இல்லை, யாரையும் பூட்டி வைக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்த பிறகு அவர் எழுதிய நல்ல இடம் இது. உம்மாவிடம் அடுத்து இதைச் சொல்லிப் பாருங்கள், பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு. முதலாவதில் அறிவியல் எதற்குப் பயன்பட வேண்டும் என்று சொல்கிறார், இரண்டாவதில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து இருக்கலாம் என்று. 1930-இல் அவரே விமானத்தில் ஏறிப் பறந்து, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ‘சுல்தானாவின் கனவு’ சேர்ந்திருக்கிறது.

சென்னையில் யாராவது வீட்டிலோ பழைய கல்லூரி நூலகத்திலோ ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ பைண்டு செய்த தொகுதிகள் இருந்தால், 1905-ஆம் வருஷத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கதைக்கு முன்னும் பின்னும் என்னென்ன அச்சாகியிருந்தன, வாசகர் யாராவது கடிதம் எழுதியிருந்தார்களா என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.