வீட்டுக்கே வந்து வெல்டிங் வைத்தவர்கள்: மனதில் நிற்கும் அனுபவம் உண்டா?

வாசல்படி:
கேட்டின் கீழ்க் கீல் விட்டுப்போனது. ஆள் வந்தார். கையில் தூக்கிவரும் அளவுக்குச் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின். கீலை நிமிர்த்தி, டாக் (பிடித்து நிற்க ஒரு புள்ளி வெல்டிங்) வைத்து, கேட்டை ஆட்டிப் பார்த்து, முழுசாக வெல்டிங் ஓட்டினார். பத்து நிமிட வேலை, இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் என் ஆறு வயது மகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவ உள்ள கூப்பிடுங்க சார்" என்று அவர் சொன்னார். "தூரமாத்தானே இருக்கா" என்றேன் நான்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். "அப்பா, கண்ணுக்குள்ள மண்ணு" என்று அலறிக்கொண்டு எழுந்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். லைட் போட்டால் இன்னும் கத்தல். தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன், மண் எங்கே வரும்? வெளிச்சம் பட்டுக் கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்று காலையில் டாக்டர் சொன்னார். இரண்டு நாளில் சரியாகிவிட்டாள். பார்த்து ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மொட்டைமாடி:
எனக்குப் புகை. மாடிக் கைப்பிடிக்கு ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), நான் பிடித்துக்கொள்ள வெல்டர் ஓட்டினார். பஞ்சு மாதிரி வெள்ளைத் துகள் பறந்து வந்து கை முடியில் ஒட்டியது. வாயில் காசைச் சப்பியது போல ஒரு ருசி. ராத்திரி பல் தந்தியடிக்கும் குளிர், மூன்று போர்வைக்கும் அடங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தேன். "பால் குடிச்சிருந்தா வந்திருக்காது" என்றார் அவர். உண்மையா?

ராடுகாரர்:
இல்லை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பதினெட்டு வருஷமாக வெல்டிங் ராடு பிடிக்கிறேன், இந்தப் பால் கதையைக் கேட்காத வருஷம் இல்லை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். அதனால் இரும்பு உருகுவதற்குள் மேல்பூச்சு முழுக்கப் புகையாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் கிரைண்டரில் பூச்சை எடுத்துவிட்டு, காற்று பக்கவாட்டில் அடிக்கிற மாதிரி நின்று ஓட்ட வேண்டும், முகமூடியும் வேண்டும். அப்புறம் அந்த இடத்துக்குத் துத்தநாகப் பெயின்ட். உங்களைப் பிடிக்கச் சொன்னதே தப்பு, அதற்கு கிளாம்ப் இருக்கிறது.

என் கதை சின்னதுதான். ஒருவர் பெட்ரோல் டேங்க் கொண்டுவந்தார். "ஆறு மாசமா காலி, வெயில்லயே கெடந்துச்சு" என்றார். மூடியைத் திறந்தேன், வாசனை இருந்தது. முடியாது என்றேன். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் பயங்கரம், உள்ளே ஆவியும் காற்றும் கலந்து பொறிக்காகக் காத்திருக்கும். "இதுகூடத் தெரியாத ஆளா" என்று கோபமாக எடுத்துக்கொண்டு போனார். அவர் வேறு யாரிடம் கொடுத்தார், அந்த ஆள் என்ன ஆனார் என்று இன்றும் நினைக்கிறேன்.

கூப்பிடுகிற எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். போனில் "கொஞ்சம் ஒட்டணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். போட்டோ அனுப்புங்கள், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கலாம், வேறு மிஷின் எடுத்துவர வேண்டியிருக்கும். பொறி 35 அடி வரை ஓடும், துணி, அட்டை, காய்ந்த இலை எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும். இருபக்கமும் அடைத்த பைப் என்றால் முதலில் ஓட்டை போடச் சொல்லுங்கள், உள்காற்று சூடாகி வெடித்துவிடும். எக்ஸ்டென்ஷன் ஒயர் சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். வண்டி என்றால் பேட்டரி மைனஸைக் கழற்றிவையுங்கள். வேலை முடிந்து நாங்கள் கிளம்பிய பிறகும் ஒரு மணி நேரம் அந்த இடத்தைப் பாருங்கள், மரத்துக்குள் கங்கு சத்தமில்லாமல் இருக்கும்.

நாலாவது கியர்:
அண்ணா, எல்லாவற்றையும் கூப்பிடுகிறவன் தலையிலேயே கட்டுகிறீர்கள். "பேட்டரியைக் கழற்றணுமா?" என்று என் வண்டிக்கு வெல்டிங் வைக்க வந்தவரிடம் நான் கேட்டேன். "வேணாம் தம்பி, சின்ன வேலை" என்றார். வெல்டிங் பின்னால் சேஸிஸ் பிராக்கெட்டில், எர்த் கிளாம்ப் (கரன்ட் திரும்பிப் போகிற கவ்வி) முன்னால் பம்பரில். முடித்துவிட்டுச் சாவி போட்டேன். டேஷ்போர்டில் இருக்கிற விளக்கு எல்லாம் எரிந்தது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. எஞ்சினை இயக்குகிற எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் போயிருந்தது. கேட்ட பிறகும் இப்படி என்றால் நான் வேறு என்ன செய்வது?

ராடுகாரர்:
அது முழுக்க வெல்டர் தப்புதான் தம்பி. எர்த்தை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்க விட வேண்டும். அவர் வைத்த இடத்தில் கரன்ட் வண்டி முழுக்கச் சுற்றித்தான் திரும்பியிருக்கும்.

தையல்மிஷின்:
என் ஆச்சியின் தையல் மிஷின், வார்ப்பிரும்புக் கால் விரிசல் விட்டுவிட்டது. முதலில் வந்தவர் சாதாரண ராடு வைத்தார். கசடைத் தட்டினதும் பளபளவென்று அழகான கோடு. வெல்டிங் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். கோட்டுக்குப் பக்கத்திலேயே தலைமுடி மாதிரி புது விரிசல். அவர் முகம் வாடிவிட்டது, காசு வாங்க மாட்டேன் என்று போய்விட்டார்.

இரண்டாவதாக வந்தவர் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பொறியைப் பார்த்தார். குட்டையாக, செக்கச்செவேலென்று வந்தது. "வார்ப்பு, நிக்கல் ராடுதான்" என்றார். விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டார், அது மேலே ஓடாமல் இருக்க. பிறகு ஒரு அங்குலம் ஓட்டுவார், சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பார், கை வைக்கிற சூட்டுக்கு ஆறும்வரை காத்திருப்பார், அப்புறம் அடுத்த அங்குலம். ஒரு சாண் விரிசலுக்கு மத்தியானம் முழுக்க ஆனது. கடைசியில் காய்ந்த மணலில் புதைத்துவிட்டு, "காலைல வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க" என்றார்.

ராத்திரி பூராவும் அந்தச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் வந்து மணலை விலக்கி, காலைப் பூட்டி, மிதியில் முதலில் அவரே கால் வைத்தார்.