சைதரை சிசராக மாற்றலாமா? ஞாயிறுக்குள் முடிவு வேண்டும்

பச்சைவாள் (ரோஸ் ஹில்):
எல்லோருக்கும் வணக்கம். போகிமான் ஸ்கார்லெட் என்ற வீடியோ கேம் விளையாடுகிறேன். என் அணியில் சைதர் என்ற போகிமான் ஒன்று இருக்கிறது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்தபோது பிடித்தது. கைகள் இரண்டும் கத்தி மாதிரி இருப்பதால் 'வேல்' என்று பெயர் வைத்தேன். கதை முழுக்க அதோடுதான் வந்தேன். சைதரிடம் 'மெட்டல் கோட்' என்ற பொருளைக் கொடுத்து இன்னொருவருக்கு ட்ரேட் செய்தால் சிசராக மாறும், அப்புறம் அவர் திருப்பி அனுப்ப வேண்டும். ரியூனியனிலிருந்து என் பெரியப்பா மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவளிடமும் ஸ்விட்ச் கேம் கருவி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விமானம். அவளைத் தவிர நம்பி அனுப்ப எனக்கு ஆள் இல்லை. மாற்றவா, வேண்டாமா?

இரும்புக்கை (கத்ர் போர்ன்):
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாற்று. சிசரின் அட்டாக் 130, சைதருக்கு 110. டிஃபென்ஸ் 80 இருந்தது 100 ஆகும். சைதரால் கற்கவே முடியாத புல்லட் பஞ்ச் என்ற அடி சிசருக்குக் கிடைக்கும். எதிராளி எவ்வளவு வேகமானவனாக இருந்தாலும் அந்த அடி முதலில் விழும். அதன் பலம் 40தான். ஆனால் பலம் குறைந்த அடிகளை ஒன்றரை மடங்காக்கும் டெக்னீஷியன் திறன் இருந்தால் 60 ஆகும், சிசரின் சொந்த டைப்பான இரும்பு அடி என்பதால் அது மறுபடி ஒன்றரை மடங்கு ஆகும். அடுத்த வருடம் வரை காத்திருக்கப் போகிறாயா?

கியூர்பிப்_மழை:
கூட்டிப் பார்த்தீர்களா அண்ணா? சைதரின் அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பீட் முதலான ஆறு எண்களையும் கூட்டினால் 500. சிசருக்கும் அதே 500தான். அட்டாக்கில் 20, டிஃபென்ஸில் 20 ஏறுகிறது. ஸ்பீட் 105இலிருந்து 65க்கு இறங்குகிறது. அந்த 40ஐத்தான் பிய்த்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். இதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? மேஜிகார்ப் கியாரடோஸ் ஆகும்போது 200 என்பது 540 ஆகிறது, அது வளர்ச்சி. இங்கே பறக்கும் டைப்பும் போய்விடுகிறது. சிசரின் சிறகு பறப்பதற்கு இல்லை, உடம்புச் சூட்டைச் சரிசெய்யத்தான் என்று ஆட்டத்திலுள்ள கையேடான போகிடெக்ஸே எழுதியிருக்கிறது. பறந்து திரிந்த ஒன்றைத் தரையில் நிறுத்தப் போகிறோம். எனக்கு மனசு வரவில்லை.

அதோடு, இன்னும் மாறக்கூடிய போகிமானிடம் ஈவியோலைட் என்ற பொருளைக் கொடுத்தால் டிஃபென்ஸ், ஸ்பெஷல் டிஃபென்ஸ் இரண்டும் ஒன்றரை மடங்காகும். சிசருக்கு அது பயன்படாது.

இரும்புக்கை (கத்ர் போர்ன்):
ஈவியோலைட் நல்லதுதான். எதிராளி ஸ்டெல்த் ராக் போட்டுக் களத்தில் கூர்ப்பாறைகளைப் பரப்பினால்? சைதருக்குப் பாறை நாலு மடங்கு வலிக்கும். களத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பாதி உயிர் போகும். அதைத் தடுக்க ஹெவி டியூட்டி பூட்ஸ் வேண்டும். கையில் ஒரு பொருள்தான் இருக்க முடியும் தங்கச்சி. பூட்ஸ் போட்டால் ஈவியோலைட் இல்லை, ஈவியோலைட் வைத்தால் பாறை. சிசருக்கு அதே ஸ்டெல்த் ராக்கில் எட்டில் ஒரு பங்குதான் போகும்.

கியூர்பிப்_மழை:
சிசருக்கு நெருப்பு நாலு மடங்கு. அதை ஏன் சொல்லவில்லை?

இரும்புக்கை (கத்ர் போர்ன்):
சொல்கிறேன். நெருப்பு ஒன்றுதான் அதற்குப் பலவீனம், வேறு எதுவுமே இல்லை. சைதருக்கு நெருப்பு, மின்சாரம், பனி, பறக்கும் டைப், பாறை என்று ஐந்து. ஒரே வாசலுக்குக் காவல் போடுவது சுலபம். தேவைப்பட்டால் ஆட்டத்தின் நடுவில் டைப்பை மாற்றும் டெராஸ்டல் செய்து நீர் டைப்பாக மாறிக்கொள்ளலாம், அந்த வாசலும் அடைந்துவிடும்.

பழைய_கேபிள் (போர்ட் லூயி):
நான் போகிமான் கோல்டு, சில்வர் காலத்து ஆள். சிசர் முதலில் வந்தது அந்த ஆட்டங்களில்தான், ஜப்பானில் 1999இல். அப்போது ட்ரேட் என்றால் இரண்டு கேம் பாயை வயரால் இணைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன் மாற்றித் தருகிறேன் என்று என் சைதரை வாங்கிக்கொண்டான். திரையில் அது சிவப்புச் சிசராக மாறியதை இரண்டு பேரும் பார்த்தோம். வயரைக் கழற்றிவிட்டு ஓடிவிட்டான். அப்புறம் பல மாதம் அவனோடு பேசவில்லை. அதன் பெயர் இன்றும் நினைவிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பெரியப்பா மகள் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த வாய்ப்பை விடாதே. ஆனால் 'வேல்' சைதரையே அனுப்ப வேண்டும் என்று யார் சொன்னது? இன்னொரு சைதரைப் பிடி. அதை மாற்றி, சனிக்கிழமை முழுக்க அக்காவோடு மோதிப் பார். சிசரான பிறகு பழையபடி சைதராக்க வழி கிடையாது. முதலில் கையால் ஆடிப் பார், முடிவு அதற்குப் பிறகு.

இரும்புக்கை (கத்ர் போர்ன்):
நல்ல யோசனை. பிடித்ததும் திறனைப் பார்த்துவிடு. டெக்னீஷியன் உள்ள சைதர் டெக்னீஷியன் உள்ள சிசராகும். மறை திறனான ஸ்டெட்ஃபாஸ்ட் இருந்தால் சிசரில் அது லைட் மெட்டல் ஆகிவிடும். புல்லட் பஞ்சுக்கு அது எந்த உதவியும் செய்யாது.

பச்சைவாள் (ரோஸ் ஹில்):
புதிதாக ஒன்று பிடித்தேன், டெக்னீஷியன்தான். வெள்ளிக்கிழமை இரவே மாற்றினோம். இன்று காலையிலிருந்து ஒன்பது ஆட்டம், நடுவில் டால் பூரிக்கு மட்டும் எழுந்தோம்.

இரும்புக்கை அண்ணா சொன்னது உண்மை. அக்காவிடம் ஃப்ளட்டர் மேன் இருக்கிறது, ஸ்பீட் 135. இதுவரை என் அணியில் யாராலும் அதற்கு முன்னால் கை வைக்க முடிந்ததில்லை. புல்லட் பஞ்ச் ஒன்றில் விழுந்தது. அவளுடைய பாறை டைப்பான டைரானிட்டார் ஸ்டெல்த் ராக் போட்டுவிட்டு நிற்கும், அதற்கும் அந்த அடி இரட்டிப்பாக விழுகிறது. வேல் அங்கே இறங்கவே பயப்பட வேண்டியிருந்தது.

ஆனால் ஏழாவது ஆட்டத்தில் அவளிடம் ஸ்கெலிடர்ஜ் மட்டும் மிச்சம், அதற்கும் பாதிக்குக் கீழே உயிர். அதன் ஸ்பீட் 66, சிசருக்கு 65. புல்லட் பஞ்ச் முதலில் விழுந்தது, ஆனால் நெருப்பு டைப்பிடம் இரும்பு அடி பாதிதான் ஏறும். அது சாகவில்லை, திருப்பி ஊதியதில் சிசர் கருகியது. எட்டாவது ஆட்டம் அதே நிலைமைக்கு வந்தபோது 'வேல்'ஐ இறக்கினேன், பூட்ஸ் போட்டுவிட்டு. அது முந்திக்கொண்டு சிறகால் அடித்து ஆட்டத்தை முடித்தது.

'வேல்'ஐ மாற்றவில்லை. பச்சையாகவே இருக்கட்டும். சிசரும் அணியில் இருக்கும்.

கியூர்பிப்_மழை:
படித்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எட்டாவது ஆட்டத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

இரும்புக்கை (கத்ர் போர்ன்):
எனக்கு இன்னும் ஒப்பவில்லை தம்பி. ஆறு பேர் உள்ள அணியில் பூச்சி டைப் இரண்டு. ஸ்கெலிடர்ஜை அவள் முதலிலேயே இறக்கினால் இரண்டையும் அது ஒன்றே எரித்துவிடும். சிசரை வைத்துக்கொண்டு வேலின் இடத்தில் வேறு டைப்பைச் சேர்.

பச்சைவாள் (ரோஸ் ஹில்):
நெருப்புக்கு என் கியாரடோஸ் இருக்கிறது அண்ணா. தண்ணீரில் துள்ள மட்டுமே தெரிந்த மேஜிகார்ப்பாக லெவல் 20 வரை தூக்கிச் சுமந்தேன், இப்போது அது எங்களுக்காக நிற்கட்டும். நாளை காலை அக்காவோடு இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி ஸ்கெலிடர்ஜை முதலில் இறக்கச் சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து வந்ததும் எழுதுகிறேன்.